குட்டி என்று என்னைக் கூப்பிட்டவள்

என் வலது கண் சுண்ணாம்பில் போனது. சுண்ணாம்புக்குளம் ஊர்ப்பக்கம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த காளவாயில் அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்தேன். காளவாய் என்பது கிளிஞ்சல் சுடுகிற வட்டமான சூளை. ஏரியில் வாரிய கிளிஞ்சலையும் விறகையும் அடுக்கடுக்காகப் போட்டு விடியற்காலையில் தீ மூட்டுவோம். வெந்து ஆறிய கிளிஞ்சலின் மேல் தண்ணீர் தெளித்தால் அது சீறி, வெடித்து, பூத்து, மாவாகிவிடும். அதை நீற்றுவது என்பார்கள். எங்கள் பெண்கள் தாளிப்பு என்றே சொல்வார்கள். மாவைச் சலித்து மூட்டை கட்டினால் படகுகள் பழவேற்காட்டுக்கு ஏற்றிப் போகும். அங்கே கோட்டையில் இருந்த டச்சுக்காரர்கள், எங்கள் வாயில் உலாந்தாக்காரர்கள், சுவர் எழுப்பியும் ஓயவில்லை, வெள்ளை அடித்தும் ஓயவில்லை. அதனால் எங்களுக்கும் ஓய்வில்லை.

ஒரு நாள் தாளிக்கும்போது காற்று திரும்பியது. ஒரு துளி தெறித்தது. கூட இருந்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வைத்தியர் தன்னால் ஆனதைச் செய்தார். வலி போயிற்று, பார்வையும் போயிற்று.

உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். அவர் கொண்டுவருகிற மீன் எங்கள் இரண்டு பேருக்கும் போதும். ஆனாலும் எனக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க வராது. கை சும்மா இருந்தாலும் இருக்கும், என் வாய் சும்மா இருக்காது. அதற்குக் கேட்க ஆள் வேண்டும்.

நான் போய் நின்ற அன்று எல்லாப் பெண்களும் எழுந்துவிட்டார்கள், கல்யாண வீட்டில் சம்பந்தி வந்து நின்றது போல. ஒருத்தி தன் நிழலான இடத்தை எனக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி என் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு முன்பெல்லாம் அந்தக் கூடைக்காக நாங்கள் இருவரும் போட்ட சண்டை அக்கரை வரை கேட்டிருக்கும். இப்போது யாரும் என்னோடு சண்டை போடவில்லை. நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. எழுந்து போனால் முதுகுக்குப் பின்னால் மறுபடி தொடங்கியது. கண் போனபோது கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இப்படியே விட்டால் இந்தக் காளவாயில் உயிரோடு இருக்கிற பிணமாகிவிடுவேன் என்று தோன்றியது.

மத்தியானம் கூழும் கருவாடுமாக எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஒரு கண்ணு போனதுல ஒரு நல்லதும் கீது. எங்கூட்டுக்காரு இப்பல்லாம் பாதிதான் தெரியறாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பாதியும் குளிக்காத பாதி" என்றேன்.

சல்லடை பிடிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். எங்கள் எல்லாரையும்விட அதிக காலம் அங்கே வேலை செய்தவள், நெஞ்சில் சுண்ணாம்புத் தூள் ஏறி எப்போதும் இருமிக்கொண்டிருப்பவள். அவளுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. வாயில் இருந்த கூழ் மூக்கில் ஏறி, சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்து, கண்ணில் தண்ணீர் வழிய என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் அடக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும், முன்பு என்னோடு சண்டை போட்ட அந்தக் கூடைக்காரி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். காலையிலிருந்து அவள் தொண்டையில் இருந்த கேள்வி அதுதான். நான் சொன்னேன். எப்படித் தெறித்தது, எப்படி எரிந்தது, ராத்திரியில் படியில் எப்படித் தடுமாறுகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களும் தங்களுடையதைச் சொன்னார்கள். ஒருத்திக்கு விரலெல்லாம் வெடிப்பு. ஒருத்திக்கு உள்ளங்கால் வெந்த தழும்பு. அத்தனை நாள் ஒன்றாக வேலை செய்தும் நாங்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் வேறு ஒரு சிக்கல் வந்தது. எங்கள் மேஸ்திரி கெட்டவர் இல்லை. கூலியில் கை வைக்காதவர், பெண்களிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசாதவர். ஆனால் சகுனம் பார்ப்பார். காளவாய்க்குத் தீ வைக்கும் நேரம் நான் போய் நின்றதும் அவர் கையில் இருந்த கொள்ளி தயங்கியது.

"ஏம்மா, நீ கொஞ்சம் பொறுத்து வாயேன். தீ வெச்சப்புறம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குப் புரிந்தது. ஒற்றைக்கண் எதிரில் நின்றால் காரியம் விளங்காது என்று எங்கள் ஊரில் வலை எடுக்கிறவர்களும் சொல்வார்கள். அழுதுகொண்டு போயிருந்தால் அன்றிலிருந்து அதுவே வழக்கமாகியிருக்கும். சண்டை போட்டிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

"எதிர்லதானண்ணே நிக்கக் கூடாது. நான் வேணா திரும்பி நின்னுக்கறேன். என் முதுகுல ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லி, காளவாய்க்கு முதுகைக் காட்டி நின்றேன்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரியின் மீசை துடித்தது. சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்கு முதுகு வழியாகவே தெரிந்தது. கடைசியில், "வாய மூடிக்கினு நில்லு" என்று சொல்லிவிட்டுத் தீ வைத்தார். அன்று காளவாய் நன்றாக வெந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் தீ பிடிக்கவே இல்லை. புகைந்து புகைந்து அணைந்தது. எல்லார் கண்ணும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. "என்னையே பாக்கறீங்களே, வெறகப் பாருங்க. நேத்து மழையில நனைஞ்சது நானா அதுவா?" என்றேன். மேஸ்திரி ஒரு கட்டையை எடுத்து முறித்துப் பார்த்தார். உள்ளே ஈரம். "சரி, சரி, இதெல்லாம் எடுத்து வெயில்ல போடுங்க. ஜல்தி, ஜல்தி" என்றார். ஜல்தி, அதாவது சீக்கிரம், என்பது அவர் வாயில் ஓயாத சொல். பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம்தான் காளவாயின் குத்தகை இருந்தது. அவர் கிடங்குக்குப் போய் வந்து போய் வந்து இவருக்கும் அது ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு சகுனப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

என் கண் போனதிலிருந்து மேஸ்திரி ஒரு காரியத்தில் பிடிவாதமாக இருந்தார். தாளிக்கும்போதும் சலிக்கும்போதும் எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிவிட வேண்டும் என்று சொன்னார். கத்தியும் பார்த்தார். ஒருத்தியும் கேட்கவில்லை. வெயிலில் துணிக்குள்ளே மூச்சு முட்டும் என்றார்கள். சல்லடைக்கார அக்கா, "செத்தவங்களுக்குத்தான் வாயக் கட்டுவாங்க. நான் இன்னும் சாவல" என்றாள். அதற்கு மேல் யார் கட்டுவார்கள்?

நானும் முயன்றேன். சிரிப்புக் காட்டாமல், முக்காட்டை விலக்கி, என் கண்ணைக் காட்டினேன். "இதப் பாருங்க. நாளைக்கு உங்களுக்கும் இதுதான்" என்றேன். பார்த்தார்களா என்றால், இல்லை. எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பயமுறுத்தினால் ஆட்கள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள் என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். ஏரிக்கு வடக்கே தெலுங்கு பேசுகிற ஊர்க்காரி. புருஷனுக்கு இங்கே உப்பு வாருகிற வேலை கிடைத்து வந்தவள். சின்ன வயது, ஒல்லியான உடம்பு. எங்கள் பேச்சு அவளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அவள் பேச ஆரம்பித்தாலே சில பெண்கள் அதேபோல இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அழ முடியாத இடத்தில் மனிதர்கள் முகத்தில் ஒட்டிக்கொள்கிற சிரிப்பு அது.

ஒரு நாள் நான் தாளித்துக்கொண்டிருந்தேன். முக்காடு வழக்கம்போல வலப்பக்கம் இறங்கி முகத்தை மறைத்திருந்தது. மூக்கிலும் வாயிலும் துணி இல்லை. நான் மட்டும் ஒழுங்கா? புகை போல ஆவி கிளம்பிக் குவியல் வெடிக்கத் தொடங்கியதும் அந்தப் பெண் தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"குட்டி, குட்டி" என்று கத்தினாள். "அக்கா, குட்டி."

காளவாயில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அப்போதே நரை தட்டியவள். இடுப்பு அகலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குச் சமம். என்னைப் போய் ஒருத்தி குட்டி என்று கூப்பிட்டால்? கூடைக்காரி கூடையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். படகில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆம்பளைகள் வரை சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்து, யாரடி அது என்று முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பினேன்.

அப்போதுதான் அவள் என் கண்ணைப் பார்த்தாள். அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஸ்திரிக்குத் தெலுங்கு தெரியும். ஆரம்பாக்கத்துச் சந்தையில் பேசிப் பழகியவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க" என்று அதட்டினார். "அவுங்க பேச்சுல குட்டின்னா குருடுன்னு அர்த்தம்."

சிரிப்பு வெட்டியது போல நின்றது. குவியல் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் தன் பேச்சிலேயே என்னவோ வேகமாகச் சொன்னாள். மேஸ்திரி அதையும் சொன்னார். "மூஞ்சிக்குத் துணி கட்டிக்கோ, இல்லாட்டி குருடாயிடுவன்னு உனக்கு சொல்ல வந்தாளாம். உனக்கு ஏற்கெனவே போனது தெரியாதாம். மன்னிச்சிக்கச் சொல்றா."

எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள். அந்த நொடியில் நான் கோபப்பட்டிருந்தால் அவள் அன்றோடு வேலையை விட்டிருப்பாள். பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணியிருந்தாலும் அவள் காலத்துக்கும் எனக்குக் கடன்பட்டவள் போலக் குனிந்தே நடந்திருப்பாள். எனக்கு இரண்டும் வேண்டாம். உண்மையில் எனக்கு அவள் மேல் பிரியம்தான் வந்தது. அத்தனை பேரில் என்னைக் காப்பாற்ற ஓடிவந்தவள் அவள் ஒருத்தி.

"எம் புருசன் கல்யாணத்தன்னிக்குக் கூட என்னக் குட்டின்னு கூப்பிடல" என்றேன். "இந்த வயசுல கூப்பிட ஒருத்தி வந்துக்கிறா. அவள ஏன் அதட்டறீங்கண்ணே?"

மேஸ்திரி அதைத் தெலுங்கில் அவளுக்குச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் பொத்திய கையை எடுத்தாள். "எப்படிக் கட்டணும், நீயே கட்டி உடு" என்று என் தலையைக் குனிந்து கொடுத்தேன். தன் தோளில் கிடந்த துணியை நனைத்துப் பிழிந்து, மூக்கின் மேல் ஏற்றி, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டு, முக்காட்டையும் புருவம் வரை இறக்கிவிட்டாள். நனைந்த துணி என்பதால் மூச்சு முட்டவில்லை. தூளும் ஏறவில்லை. அவள் ஊர்ப்பக்கமும் கிளிஞ்சல் சுடுகிறவர்கள் உண்டாம், அவர்கள் இப்படித்தான் கட்டுவார்களாம்.

துணி கட்டியாகிவிட்டது. ஆனால் நான் ஒருத்தி கட்டினால் போதுமா? கட்டிக்கொண்டு சலித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அவர் குரலிலேயே, "ஜல்தி, ஜல்தி" என்றேன்.

அவர் திரும்பினார். "யாரு அது?"

துணிக்குப் பின்னால் என் வாய் அசைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நான் பாட்டுக்குச் சலித்தேன். என் பக்கத்தில் வாயைத் திறந்து வைத்திருந்த கூடைக்காரியைத்தான் அவர் முறைத்தார். அவள் மறுநாள் துணியோடு வந்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் சிலர். துணி கட்டினால் மேஸ்திரியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னார்கள் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. மேஸ்திரியின் கத்தலும் என் பயமுறுத்தலும் செய்யாததை அந்த ஒரு சுகம் செய்தது. சல்லடைக்கார அக்காதான் கடைசி வரை அடம் பிடித்தாள். அவளுக்கும் மேஸ்திரியைச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஒரு நாள் அவளும் கட்டிக்கொண்டு வந்து, அத்தனை வருஷத்துப் பாக்கியையும் ஒரே காலையில் தீர்த்தாள். இருமல் காட்டிக்கொடுத்தது. ஆனால் மேஸ்திரி காது கேட்காதவர் போல நின்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பதைச் சில நாள் கழித்துத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். ஒரு காலையில் அவரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். தலையில் முண்டாசு, முகமெல்லாம் துணி, யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று ஒரு ஆம்பளைக் குரல், "மேஸ்திரி இன்னிக்கு வரமாட்டானாமே. சீக்கிரமா ஊட்டுக்குப் போலாமா?" என்றது. "போலாமே" என்று கூடைக்காரி எழுந்தே விட்டாள். பிறகுதான் மீசை முனை தெரிந்தது. அன்று எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வேலை ஓடவில்லை. பிற்பகலில் அதற்கும் சேர்த்து ஓடியது.

வடக்கத்திப் பெண் மட்டும் துணிக்குள் மௌனமாகவே இருந்தாள். பேசினால் தெரிந்துவிடும் என்ற கூச்சம். ஒரு நாள் மேஸ்திரி வழக்கம்போல் "ஜல்தி, ஜல்தி" என்றதும் வரிசையின் கோடியிலிருந்து மெல்லிய குரலில், "தொந்தரகா, தொந்தரகா" என்று வந்தது. அவள் பேச்சில் அதற்குச் சீக்கிரம், சீக்கிரம் என்று பொருள். அவர் சொன்னதையே அவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். எங்கள் காதில் தொந்தரவு, தொந்தரவு என்றே விழுந்தது. சல்லடைக்கார அக்கா, "சரியாச் சொன்னடியம்மா" என்று கையைத் தட்டினாள். மேஸ்திரி நேராக அந்தப் பெண்ணிடம் போய், "நீ துணி கட்டியும் பிரயோஜனமில்லம்மா" என்றார். அவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மத்தியானம் அவளாகவே தன் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

எல்லாச் சிரிப்பும் ஒன்றில்லை. மூட்டை ஏற்றுகிற ஆள் ஒருவன், எங்களைப் பார்த்துத் தானும் வேடிக்கை பண்ணலாம் என்று நினைத்து, சல்லடைக்கார அக்காவைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, சல்லடையைக் குனிந்து பார்த்தாள். நான் அவன் எதிரில் போய் நின்றேன்.

"இருமல் அவுங்களுது. அவுங்க அதச் சொல்லிச் சிரிச்சா நாங்களும் சிரிப்போம். நீ கடன் வாங்காத."

"நீ மட்டும் எல்லாரையும் கிண்டல் பண்ணலாமா?" என்றான்.

"நான் மேஸ்திரியப் பண்றேன். என்னை நிறுத்தற அதிகாரம் அவருக்குக் கீது. அக்காவுக்கு உன்ன நிறுத்தற அதிகாரம் கீதா?"

அவன் யோசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மூட்டையைத் தூக்கினான். பிறகு ஒரு நாள், தான் படகிலிருந்து சேற்றில் விழுந்த கதையை அவனே வந்து அக்காவிடம் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான்.

அக்காவின் இருமல் முழுக்கப் போகவில்லை. துணி கட்டிய பிறகு குறைந்தது, ராத்திரியில் தூக்கம் வந்தது. கொஞ்ச காலத்தில் மேஸ்திரி அவளைச் சலிப்பிலிருந்து எடுத்துக் கிளிஞ்சல் கழுவுகிற வேலைக்கு மாற்றினார். அங்கே தூள் கிடையாது. அவள் இருந்த இடத்தில் வடக்கத்திப் பெண் சல்லடை பிடித்தாள். துணி கட்டப் பழகியவர்கள் தலைத்துணியை இறக்கவும் காற்றுக்கு முதுகு காட்டவும் பழகிவிட்டார்கள். எனக்குப் பிறகு அந்தக் காளவாயில் யாருக்கும் கண் போகவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

எங்கள் காளவாய்ப் பெண்கள் துணி கட்டுகிறார்கள் என்ற செய்தி ஏரிக்கரையில் பரவியது. தெற்கே இருந்த இன்னொரு காளவாயின் மேஸ்திரி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். அவரிடத்தில் இரண்டு பேருக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. "நானும் கத்திப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாளுங்க. நீ இன்னாமோ சொல்லி சிரிக்க வெக்கறியாமே, அதச் சொல்லு. நான் போயி சொல்லிக்கறேன்" என்றார்.

"எங்க ஊட்டுக் கொழம்பு உங்க ஊட்டுக்குப் போறதுக்குள்ள ஊசிப்பூடும்ணே" என்றேன். "உங்க காளவாய்ல தனியா உக்காந்து சாப்பிடற பொம்பள யாராச்சும் இருக்காளா?"

"ஒருத்தி இருக்கறா. யாருகிட்டயும் பேச மாட்டா. இன்னா எதுன்னு நான் கேட்டதில்ல."

"மொதல்ல அவகிட்ட போயி பேசுங்க. அவ உங்களப் பத்தி என்ன நெனைக்கறான்னு கேளுங்க. அவ உண்மையச் சொன்னா, கோவப்படாம சிரிங்க. மத்ததெல்லாம் பின்னாடி வரும்."

அவர் நம்பிக்கையில்லாமல்தான் போனார். அறுவடை முடிகிற காலத்தில் நாங்கள் சிலர் பொன்னேரிச் சந்தைக்குப் போகும் வழியில் அந்தக் காளவாயைக் கடந்தோம். காற்று எங்கள் பக்கம் அடித்தது. துணிக்குள்ளிருந்து வருகிற மூடிய குரல்கள் கேட்டன, அதற்கு மேல் அந்த மேஸ்திரியின் சிரிப்பு. வேலை நேரத்தில் நின்று பேசினால் நன்றாயிருக்காது என்று நாங்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தோம்.